சேலை கட்டிய படங்கள்: ராஜா ரவிவர்மா

பழைய கண்ணாடி ஜாடியில் பூப்படம் போட்ட தாளை வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி அலங்கரிப்பது இப்போது நம் குடியிருப்பில் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. டெக்கோபாஜ் என்று பெயர் இருப்பதால் வெளிநாட்டுச் சரக்கு போலத் தோன்றும். ஆனால் அச்சடித்த படத்தின் மேல் எதையாவது ஒட்டி அழகு பார்ப்பது நம் பாட்டிமார் காலத்திலேயே உண்டு. அவர்கள் கைக்குப் படம் கொடுத்தவர் ராஜா ரவிவர்மா.

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். தஞ்சாவூர் பாணியில் வரையத் தெரிந்த மாமா ராஜராஜவர்மாதான் முதல் குரு. 14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார். பிறகு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர், தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தே கற்றுக்கொண்டார்.

1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் அது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய 10 படங்கள் போயின. அங்கும் பரிசு. ஆனாலும் அந்தப் படங்கள் எல்லாம் அரண்மனைச் சுவர்களில்தான் தொங்கின. அச்சடித்தால் எல்லோரும் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ்.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரங்கள் வந்தன. நம்மூர் பிரிண்டிங் யூனிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போடுகிறோம் அல்லவா? அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாத மக்களின் வீட்டுச் சுவரிலும் சாமி படம் ஏறியது.

வாங்கியவர்கள் படத்தை அப்படியே மாட்டிவிடவில்லை. சேலை இருக்கும் இடத்தில் நிஜத் துணியை அளவாக வெட்டி ஒட்டினார்கள். ஜரிகை, சமிக்கி, மணி வைத்தார்கள். முகமும் கையும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் வீட்டுக் கைவேலை. அந்தப் படங்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கீழே அச்சகத்தின் பெயர் இருக்கிறது. துணி ஒட்டிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் இல்லை.

படம் நாடெங்கும் போனது, பணம் திரும்பவில்லை. பம்பாயில் பிளேக் பரவியது, கடன் ஏறியது. அச்சகம் லோனாவலா அருகே மலவ்லிக்கு மாறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷருக்கே அதை விற்றுவிட்டார். கூடவே உழைத்த தம்பி சி. ராஜராஜவர்மா 1905இல் இறந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2 அன்று, 58 வயதில், ரவிவர்மாவும் போய்விட்டார். அச்சகம் 1972இல் தீயில் எரிந்தது. வீடுகளுக்குப் போன படங்கள்தான் மிஞ்சின. அவருடைய அசல் ஓவியங்கள் சிலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அடுத்த முறை ஜாடி செய்யும்போது கண்ணாடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் பூசுங்கள். தாளோடு கொஞ்சம் கட்டிங் வேஸ்ட் துணியும் ஒட்டிப் பாருங்கள், திருப்பூரில் அதற்கா பஞ்சம்! முடித்ததும் ஜாடியின் அடியில் உங்கள் பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தப் பாட்டிமார் எழுதாமல் விட்டது அதுதான்.