மூன்றாமவராய் நின்ற முன்னாள் ஜனாதிபதி

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவது வேட்பாளர் ஒருவர் களமிறங்கும்போதெல்லாம் வாக்குகள் சிதறிவிடும் என்ற அச்சமும் கூடவே எழுவது வழக்கம். அந்த அச்சத்துக்கு வரலாறு காட்டும் மிகப்பெரிய உதாரணம் 1912ஆம் ஆண்டுத் தேர்தலாகும். அதன் மைய மனிதர், ஏற்கனவே ஏழரை ஆண்டுகள் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்.

1858 ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க்கில் வசதிபடைத்த குடும்பமொன்றில் பிறந்த ரூஸ்வெல்ட், சிறுவயதில் ஆஸ்துமாவினால் பெரிதும் அவதியுற்றவர். 1884இல் மனைவியையும் தாயாரையும் ஒரே நாளில் இழந்தார். நியூயோர்க் ஆளுநராகவும் பின்னர் உபஜனாதிபதியாகவும் உயர்ந்த அவர், 1901 செப்டெம்பரில் ஜனாதிபதி மக்கின்லி சுட்டுக்கொல்லப்பட்டதையடுத்து, 42ஆவது வயதில் ஜனாதிபதியானார். பெருநிறுவனங்களின் ஏகபோகத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தார். ரஷ்ய-ஜப்பானிய யுத்தத்தை முடிவுக்குக் கொண்டுவர உதவியமைக்காக 1906இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

1904ஆம் ஆண்டுத் தேர்தலில் அமோக வெற்றிபெற்ற இரவிலேயே, இனிப் போட்டியிடப்போவதில்லை என அவர் அறிவித்துவிட்டார். அதன்படி 1908இல் நண்பர் வில்லியம் டாஃப்டை முன்னிறுத்தி ஒதுங்கினார். ஆனால் டாஃப்டின் ஆட்சி சீர்திருத்தப் பாதையிலிருந்து விலகிச் செல்வதாகக் கருதிய ரூஸ்வெல்ட், 1912இல் மீண்டும் குடியரசுக் கட்சியின் நியமனத்தைக் கோரினார். முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றில் வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவும் அவர் பக்கமே நின்றது. எனினும், கட்சி இயந்திரம் டாஃப்டின் கையிலிருந்தமையால் சிக்காகோ மாநாட்டில் நியமனம் டாஃப்டுக்கே கிடைத்தது. ரூஸ்வெல்ட் வெளியேறி முற்போக்குக் கட்சியை உருவாக்கினார்.

பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணிநேர வேலை, சமூகக் காப்புறுதி ஆகியவற்றை அக்கட்சி முன்வைத்தது. ஒக்டோபர் 14ஆம் திகதி மில்வோக்கி நகரில் அவர் நெஞ்சில் சுடப்பட்டார். சட்டைப்பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடும் மடித்த உரைப் பிரதியும் குண்டின் வேகத்தைத் தணித்தன. குண்டுடனேயே மேடையேறி ஒரு மணிநேரத்துக்கு மேல் பேசினார்.

முடிவு என்னவாயிற்று? ஜனநாயகக் கட்சியின் வூட்ரோ வில்சன் 41.8 சதவீத வாக்குகளையே பெற்றார். ரூஸ்வெல்ட்டுக்கு 27.4 சதவீதமும் டாஃப்டுக்கு 23.2 சதவீதமும் கிடைத்தன. ஒவ்வொரு மாநிலத்திலும் முதலில் வருபவருக்கே தேர்வாளர்கள் என்ற முறையினால், மொத்தம் 531 தேர்வாளர் வாக்குகளில் வில்சன் 435ஐ அள்ளினார். ரூஸ்வெல்ட்டுக்கு 88, பதவியிலிருந்த டாஃப்டுக்கு வெறும் எட்டு. ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்கள் அனைவரும் டாஃப்டுக்கு வாக்களித்திருப்பர் எனக் கூறமுடியாது என்பது உண்மையே. ஆயினும் பிளவுண்ட குடியரசுக் கட்சிதான் வில்சனின் பாதையைச் சுலபமாக்கியது என்பதில் ஐயமில்லை.

இப்போட்டியில் கதியற்று நின்றவர்கள் கறுப்பின மக்களாவர். தென்மாநில வெள்ளையரின் ஆதரவை நாடிய ரூஸ்வெல்ட்டின் கட்சி, அம்மாநிலங்களின் கறுப்பினப் பிரதிநிதிகளைத் தனது மாநாட்டில் ஏற்க மறுத்தது. டு போய்ஸ் போன்ற கறுப்பினத் தலைவர்கள் வில்சனை நம்பினர். அவரது நிர்வாகமோ 1913இல் சமஷ்டி அரசாங்க அலுவலகங்களில் இனப்பாகுபாட்டை விரிவுபடுத்தியது. சிறுபான்மைச் சமூகமொன்றுக்கு, வாக்குகள் எவ்வாறு பிரிகின்றன என்பதைவிடப் பிரிகின்ற அணிகளில் தன்னை ஏற்பது எது என்ற கேள்வியே பெரிதாகிறது.

1916இல் முற்போக்குக் கட்சியின் நியமனத்தை மறுத்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹியூஸை ஆதரித்த ரூஸ்வெல்ட், 1919 ஜனவரி 6ஆம் திகதி காலமானார். அவரது கட்சி அதற்கு முன்பே சிதைந்துவிட்டது. ஆனால் அது கோரிய பெண்கள் வாக்குரிமை 1920இல் நாடு முழுவதற்கும் கிட்டியது. சமூகக் காப்புறுதி 1935இல் சட்டமானது.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் குறிக்கலாம். 2024இல் எவரும் அரைவாசியைத் தாண்டாதபோது அவ்விருப்பங்கள் முதன்முறையாக எண்ணப்பட்டன. 1912இல் அமெரிக்க வாக்காளருக்கு அத்தகைய வழி இருக்கவில்லை. பிளவுக்கு ரூஸ்வெல்ட்டை மட்டும் குற்றஞ்சாட்டுவோர், மக்களின் அடுத்த விருப்பத்தைக் கேளாத அந்த முறையையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.