விண்மீன் கோட்டம் கண்ட ரசல் போர்ட்டர்

முன்னுரை

வானத்தை அண்ணாந்து நோக்கி வியக்காத மாந்தர் இலர். ஆயினும் அவ்வியப்பை அறிவாக வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டுகிறது. தொலைநோக்கி என்பது பல்கலைக்கழகங்களுக்கும் பெருஞ்செல்வர்க்கும் உரிய பொருள் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், சிற்றூர் ஒன்றின் தொழிற்சாலைப் பணியாளர்களைக் கொண்டே வானியல் மன்றம் கண்டு, அவரவர் தொலைநோக்கியை அவரவர் கையாலேயே செய்யவைத்த பெருந்தகை ரசல் வில்லியம்ஸ் போர்ட்டர்.

கல்லூரிகளிலும் ஊர்களிலும் ஆண்டுதோறும் மன்றங்கள் பல தோன்றுகின்றன. தொடக்க விழாவோடு நின்றுவிடுவனவும், ஊக்கமுடைய ஒருவர் விடைபெற்றதும் உறங்கிவிடுவனவும் அவற்றுள் பல. போர்ட்டர் 1923-இல் நிறுவிய மன்றமோ நூறாண்டு கடந்தும் வாழ்கின்றது. அதன் வேர் எங்கே உள்ளது என அறிவது நமக்குப் பயன்தரும். அந்நோக்குடன் அவர்தம் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

இளமையும் பனிக்கடற் பயணங்களும்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் உள்ளது வெர்மான்ட் மாநிலம். அங்கு ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் 1871 டிசம்பர் 13 அன்று போர்ட்டர் பிறந்தார். முதலில் பொறியியல் கற்றவர், பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலை பயின்றார். ஓவியமும் அவருக்குக் கைவந்த கலையாயிற்று.

வடதுருவத்தை அடைய வேண்டும் என்னும் வேட்கை பலரை ஆட்கொண்டிருந்த காலம் அது. போர்ட்டரும் 1894 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பனிக்கடற் பயணங்களில் மீண்டும் மீண்டும் பங்குகொண்டார். 1903-இல் புறப்பட்ட பயணத்தில், அவர் குழுவினர் சென்ற 'அமெரிக்கா' என்னும் கப்பல் பனிப்பாறைகளுக்கிடையே சிக்கி அழிந்தது. 1905-இல் மீட்புக் கப்பல் வந்து சேரும்வரை அவர்கள் உறைபனித் தீவுகளிலேயே காத்திருக்க நேர்ந்தது. பாதையும் ஊரும் இல்லாத அந்நிலத்தை அளந்து வரைபடம் ஆக்குவது போர்ட்டரின் பணி. தாம் நிற்கும் இடத்தை அறிய அவருக்கு ஞாயிறும் விண்மீன்களுமே துணை நின்றன. வானை நோக்கும் பழக்கம் அவருக்குப் பொழுதுபோக்காக அன்றி, உயிர்காக்கும் தேவையாகவே வாய்த்தது என்பது நோக்கத்தக்கது. அப்பயணங்களின் விளைவாக அவருடைய செவிப்புலன் குன்றியது.

தொலைநோக்கிக் கலை

1907-இல் மணம்புரிந்துகொண்ட போர்ட்டர், மெய்ன் மாநிலத்தின் போர்ட் கிளைடு என்னும் கடற்கரையூரில் குடியமர்ந்தார். அவர்தம் பிறந்த ஊரைச் சேர்ந்த பொறியாளர் ஜேம்ஸ் ஹார்ட்னஸ் வானியலில் ஈடுபாடு மிக்கவர். பின்னாளில் வெர்மான்ட் மாநில ஆளுநராகவும் விளங்கியவர். அவர் அளித்த ஊக்கத்தால் போர்ட்டர் கண்ணாடி தீட்டும் கலையில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டன் நகரின் தேசியத் தர அளவைக் கழகத்தில் பணியாற்றியபின், 1919-இல் ஹார்ட்னஸின் அழைப்பை ஏற்று ஸ்பிரிங்ஃபீல்டு திரும்பி, ஜோன்ஸ் அண்டு லாம்சன் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். திருகாணியின் மரையைப் பெரிதாக்கித் திரையில் காட்டிப் பிழையறியும் ஒளியியற் கருவியை அங்கு ஹார்ட்னஸும் அவரும் உருவாக்கினர்.

பதினாறு மாணாக்கர்

1920-இல் போர்ட்டர் தொலைநோக்கி செய்யும் வகுப்பொன்றைத் தொடங்கினார். பதினைந்து ஆடவரும் ஒரு பெண்மணியும் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அத்தொழிற்சாலையின் பணியாளர்களே. இரும்பை நுட்பமாகக் கடைந்து பழகிய கைகள் அவர்களுடையவை. அக்கைத்திறனையே வானியலுக்கு வாயிலாக்கினார் போர்ட்டர்.

அவர் கற்பித்த முறை எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. இரு கண்ணாடி வட்டுகளை எடுத்து, இடையே சாணைத் தூளும் நீரும் இட்டு, ஒன்றன்மேல் ஒன்றை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் வட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பியவாறே தாமும் மேடையைச் சுற்றிவர வேண்டும். மேல்வட்டு குழிந்தும் கீழ்வட்டு குவிந்தும் வரும். பருந்தூளில் தொடங்கி நுண்தூளுக்குச் சென்று, இறுதியில் கீல் பூசிய தட்டின்மேல் செந்தூள் இட்டு மெருகேற்ற வேண்டும். பின்பு 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ வகுத்த சோதனையால் வளைவை ஆராய வேண்டும். ஒரு விளக்கும் ஒரு கத்தி விளிம்புமே அதற்குப் போதும். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான மேடுபள்ளத்தையும் அச்சோதனை நிழலாகக் காட்டிவிடும். வளைவு செம்மையுற்றபின் வெள்ளி பூசினால் குழியாடி ஆயத்தம்.

இவ்வாறு செய்த ஆடியில் முதன்முறை சனிக்கோளின் வளையத்தைக் காண்பவர், அதனைப் பிறர் காட்டக் கண்டவர் அல்லர். தம் உழைப்பால் தாமே கண்டவர். அத்தகையவர் வானியலை விட்டு எளிதில் விலகார் அன்றோ?

மன்றமும் மனையும்

1923 டிசம்பர் 7 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு தொலைநோக்கி செய்வோர் மன்றம் முறைப்படி தோன்றியது. போர்ட்டர் அதன் முதல் தலைவரானார். ஊருக்கு வெளியே பிரீசி என்னும் குன்றின்மேல் அவருக்கு நிலம் இருந்தது. அங்கு உறுப்பினர்கள் தம் கைகளாலேயே மன்ற மனையை எழுப்பினர். விண்மீன் கோட்டம் என்னும் பொருள்பட அதற்கு ஸ்டெல்லாஃபேன் என்று பெயரிட்டனர். இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய அச்சிறு கட்டடத்தின் முகப்பில், வானங்கள் இறைவனின் மாட்சியை எடுத்துரைப்பதைக் கூறும் சங்கீத வரி ஒன்று பொறிக்கப்பெற்றுள்ளது.

1925-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆல்பர்ட் இங்கால்ஸ் அக்குன்றுக்கு வந்தார். எளிய தொழிலாளர் செய்த கருவிகளைக் கண்டு வியந்து, அவ்வாண்டு நவம்பர் இதழில் கட்டுரை வரைந்தார். தாமும் செய்ய விழைந்து வாசகர் பலர் மடல் எழுதினர். போர்ட்டரின் செய்முறைக் கட்டுரைகள் 1926-இல் அவ்விதழில் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே நூல் வடிவும் பெற்றன. சிற்றூரின் கலை நாடெங்கும் பரவியது. 1926 ஜூலையில் தொலைநோக்கி செய்வோர் சிலர் அக்குன்றில் கூடினர். அதுவே ஸ்டெல்லாஃபேன் மாநாட்டின் தொடக்கம். இடையிடையே சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும் அம்மரபு அறுந்துவிடவில்லை.

பலோமர் மலையில்

மன்றத்திற்கு உண்மையான சோதனை 1928-இல் வந்தது. உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியை அமைக்க முனைந்திருந்த வானியலறிஞர் ஜார்ஜ் எல்லரி ஹேல், போர்ட்டரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்தார். அவ்வாண்டின் இறுதியில் போர்ட்டர் புறப்பட்டார். ஆறு அங்குல ஆடியைத் தீட்டக் கற்பித்தவர், 200 அங்குல ஆடியைக் கொண்ட தொலைநோக்கியின் ஆக்கத்தில் பங்குகொண்டார். உருவாகாத இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைக்கூடக் கண்முன் நிறுத்தும் வண்ணம் அவர் தீட்டிய வெட்டுத்தோற்ற ஓவியங்கள் பொறியாளர்களுக்குப் பெரிதும் உதவின. பனிநிலத்தில் பயின்ற ஓவியமும், கழகத்தில் கற்ற கட்டடக் கலையும், பட்டறையில் பெற்ற ஒளியியல் அறிவும் ஒருங்கே பயன்பட்ட இடம் அது எனலாம்.

தலைவர் பல்லாயிரம் கல் தொலைவுக்குச் சென்றபின்னும் குன்றின்மேல் இருந்த மன்றம் உறங்கிவிடவில்லை. 1930-ஆம் ஆண்டையொட்டி, அவர் வகுத்த வடிவமைப்பில் உறுப்பினர்கள் அங்கு ஒரு கோபுரத் தொலைநோக்கியை அமைத்தனர். வெளியே பனி உறைந்திருக்கும் இரவிலும் காண்பவர் உள்ளே குளிர் தாக்காது அமர்ந்து வானை நோக்கலாம். பனியில் வாடிய ஒருவரின் பரிவு அவ்வமைப்பில் புலப்படுகின்றது.

பலோமர் தொலைநோக்கி 1948 ஜூன் 3 அன்று அர்ப்பணிக்கப்பெற்றது. அதனைக் கண்டு மகிழ்ந்த போர்ட்டர், 1949 பிப்ரவரி 22 அன்று தம் 77-ஆம் அகவையில் பசடேனா நகரில் மறைந்தார். நிலவிலுள்ள கிளேவியஸ் என்னும் பெருங்குழியின் விளிம்பில் அமைந்த குழி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிறிய தொலைநோக்கியாலும் அதனைக் காணலாம். ஸ்டெல்லாஃபேன் மனையும் கோபுரமும் 1989-இல் அமெரிக்க நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பெற்றன.

முடிவுரை

போர்ட்டரின் மன்றம் நிலைத்தமைக்குக் காரணம் யாது? பெருங்கொடையோ பெரும்பதவியோ அன்று. முதலாவதாக, அவர் உறுப்பினர்க்குச் செய்தியை மட்டும் வழங்காது செய்திறனையும் வழங்கினார். இரண்டாவதாக, ஊர் மக்களிடம் ஏற்கெனவே இருந்த திறனையே அடித்தளமாகக் கொண்டார். மூன்றாவதாக, தாம் அறிந்தவற்றை மறைத்துவைக்காமல் எழுதிப் பரப்பினார். ஆதலின் அவர் நீங்கிய இடத்தில் வெறுமை தோன்றவில்லை. அவரைப் போன்றே கண்ணாடி தீட்டவல்லார் பலர் நின்றனர்.

மன்றம் நடத்துவோர், தாம் இல்லாதபோதும் அது நடக்குமா என்று தம்மைத்தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். நம் மாணவச் செல்வங்கள் ஓர் ஆண்டில் ஒரே ஓர் ஆடியைத் தீட்டினாலும் போதும். அடுத்து வருவோர்க்கு அக்கலையைக் கற்பித்துவிட்டுச் செல்வார்களாயின், நம் ஊரிலும் ஒரு விண்மீன் கோட்டம் எழும் என்பது திண்ணம்.