ஹைன்ரிக் ஹெர்ட்ஸும் அவர்தம் செப்பு வளையமும்

பேரறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தோன்றினார். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஆசிரியரை அடுத்துப் பௌதிகம் பயின்று, 1885-இல் கார்ல்ஸ்ரூஹே தொழிற்கலாசாலையில் பேராசிரியராய் அமர்ந்தார். மாக்ஸ்வெல் கணித்துரைத்த மின்காந்த அலையைக் கண்கூடாக்கியவர் இவரே என்பதை யாவரும் அறிவர். யாம் ஈண்டுக் கூறப்புகுவது அவ்வலையை அவர் அளந்த விதமேயாம்.

ஏரியலொன்று எத்திசையில் மிகுத்தும் எத்திசையிற் குறைத்தும் அலை வீசுகின்றதென அறிதற்கு, இக்காலத்தார் விலை குறைந்த சிறு கருவியொன்றைக் கையிலேந்தி வெட்டவெளியில் அதனைச் சுற்றிவந்து அளப்பதுண்டு. அன்னார்க்கு முன்னோடி ஹெர்ட்ஸே எனலாம். அவர் கருவிதான் யாது? 2 மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியை 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்து, முனைகளிடையே திருகாணியால் ஒடுக்கத்தக்க ஓர் இடைவெளி விட்டார், அவ்வளவே. அலை வந்து தாக்கின் அவ்விடைவெளியிற் பொறி தோன்றும். மில்லிமீட்டரில் நூற்றிலொரு கூறு அளவினவாய நுண்பொறிகளையும் காணல் வேண்டி, விரிவுரைக் கூடத்தை இருளாக்கிக் கண் பழகுமளவும் காத்திருப்பார். பின்னர் வளையத்தை இடந்தோறும் கொண்டுசென்று, திருப்பித் திருப்பிப் பொறி அவியும் நிலையைக் குறித்துக்கொள்வார். இங்ஙனம் மின்விசையின் திசைகளைக் காட்டும் படமொன்று உருவாயிற்று. அலை பிறக்கும் கம்பிக்குக் குறுக்கே வீச்சு மிக்கும், அதன் நீளப்போக்கில் அறவே இன்றியும் இருக்குமென்று 1889-இல் கணிதத்தாலும் நிறுவினார். அவர் அமைத்த 2 மீட்டர் உயரத் துத்தநாக ஆடிகளையே பலரும் புகழ்வர். எமக்கோ இவ்வெளிய வளையமே பெரிதாகத் தோன்றுகின்றது.

ஆயினும், அக்கூடமே அவரை ஏமாற்றிற்று. 1888-இல் அவர் கண்ட கணக்கின்படி, அலையின் வேகம் காற்றில் விநாடிக்கு 3,20,000 கிலோமீட்டர். கம்பியின் வழியே 2,00,000 மட்டுமே. இரண்டும் ஒத்தல் வேண்டுமென்பது மாக்ஸ்வெல் கொள்கை. கொள்கை பிழையோ, அளவை பிழையோ? நெருங்கிய சுவர்களும் இரும்புத் தூண்களும் அலையைத் திருப்பியெறிந்து கணக்கைக் குலைத்தல் கூடுமென்ற ஐயத்தை, தாம் 1892-இல் வெளியிட்ட நூலின் முகவுரையில் அவரே மறையாது எழுதினார். அறிஞர்க்கு இத்தகைய நேர்மை எளிதன்று.

அதற்குள் அவர் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்திற்கு மாறியிருந்தார், நோயும் பற்றியது. 1893-இல் ஜெனீவாவில் சாரசேன், தெலாரீவ் என்னும் இருவர் மிகப் பெரிய கூடமொன்றில் அச்சோதனையை மீண்டும் செய்து, இருவகை வேகமும் ஒன்றே எனக் காட்டினர். ஏரியல் அளப்போர் இன்றும் சுவரற்ற வெளியை நாடுவது இக்காரணம் பற்றியே. மறுவாண்டு பிறந்த முதல் நாளாகிய 1894 ஜனவரி 1-இல், தம் 36-ஆம் வயதில் ஹெர்ட்ஸ் பான் நகரில் உயிர் நீத்தார். அவருடல் பிறந்த ஊராகிய ஹாம்பர்க்கிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.