சேனைத்தலைவர் கான்சாகிபு

தமிழ்நாட்டு வீரருள் புகழையும் பழியையும் ஒருங்கே சுமந்து நிற்பவர் கான்சாகிபு என வழங்கும் முகம்மது யூசுப்கான் ஆவர். அன்னார் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிந்து பயனுறுமாறு ஈண்டுச் சுருங்க வரைவோம்.

இராமநாதபுரச் சீமைப் பனையூரில் தோன்றிய இவர்க்கு மருதநாயகம் என்பது முற்பெயர் என்பர். ஆர்க்காட்டு நவாப் பதவி குறித்துச் சந்தாசாகிபும் முகம்மதலியும் பொருத காலத்தில், இவர் முகம்மதலிக்குத் துணைநின்ற ஆங்கிலக் கும்பினியாரின் படையிற் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, பகைவர் வழிமறித்து நிற்கவும், உணவுப் பொதிகளைப் பாசறைக்குக் கொணர்ந்து சேர்த்த திறத்தால் தளபதி லாரன்சின் நன்மதிப்பைப் பெற்றார். 1754-இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தான். அப்பொழுது இவர் புறத்தே நின்று ஓயாது தாக்கிப் பகைவரை அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

அவ்வாண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இவர் பொறுப்பில் விடப்பட்டன. இவர் குளங்களைச் செப்பனிட்டார், கள்வரை அடக்கினார், தாம் இசுலாமியராயினும் மீனாட்சியம்மை திருக்கோயிலின் மானியங்களைப் பேணினார். ஆயின், அதே கையாற் பூலித்தேவர் முதலிய பாளையக்காரரின் கோட்டைகளையும் கும்பினிக்காகத் தகர்த்தார். இதனை நாம் மறைத்தல் தகாது.

இவரது செல்வாக்கு வளர்வது கண்டு நவாப் முகம்மதலி அஞ்சினார். கும்பினியாரோ தம்மைக் காத்த தலைவரைக் கைவிட்டு நவாபின் பக்கம் சாய்ந்தனர். தலைவணங்க மனமில்லாத கான்சாகிபு 1763-இல் மதுரைக் கோட்டையில் எதிர்த்து நின்றார். ஓராண்டுக்கு மேலாகப் பெரும்படையும் அக்கோட்டையைக் கைக்கொள்ள இயலவில்லை. ஆயினும், முன்னர் இவரால் நொறுக்கப்பட்ட பாளையக்காரர் திரண்டு துணைக்கு வந்திலர். கோட்டைக்குள் உணவு அருகியது. 1764 அக்டோபரில் இவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரனாகிய மார்ச்சந்தும் சூழ்ந்து இவரைப் பிடித்துக் கொடுத்தனர். அம்மாதம் 15-ஆம் நாள் இவர் தூக்கிலிடப்பட்டார்.

பகைவர் மதிலால் தோலாதவர் தம்மவர் சூழ்ச்சியால் வீழ்ந்தார். அயலார் பொருட்டுத் தம் நாட்டாரை ஒடுக்குவோர்க்கு, இடர்வந்த காலத்து அயலாரும் உதவார், நாட்டாரும் உதவார் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை. ஒற்றுமையே அரண் என்பதை நம் இளைஞர் உணர்க. மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் சம்மட்டிபுரத்தில் அவ்வீரர் துயிலும் பள்ளிவாசலையும் ஒருமுறை கண்டு வருவாராக.