வேதாரணியத்திற்கு வழிகண்டவர்

பெருஞ்செயல் ஒன்றைப் போற்றுவோர் அது நிறைவேறிய நாளையே நினைவிற் கொள்கின்றனர். அந்நாளுக்கு முன்னே கழிந்த பல நாள்களின் உழைப்பு அவர்தம் கண்ணுக்குப் புலனாவதில்லை. மாளிகையின் உயரத்தை வியப்போர் மண்ணுள் மறைந்து கிடக்கும் கடைக்காலை எண்ணிப் பார்ப்பதுண்டோ? 1930ஆம் ஆண்டில் தமிழகம் கண்ட உப்பு அறப்போருக்கு அத்தகைய கடைக்காலை அமைத்தவர், சேலத்தில் வழக்கறிஞராய் வாழ்வைத் தொடங்கிய இராஜாஜி ஆவார்.

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் என்பது அவரது முழுப்பெயர். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னையில் சட்டம் பயின்ற அவர், 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். கூரிய அறிவும் தெளிந்த சொல்லும் அவருக்குப் புகழையும் பொருளையும் ஈட்டித் தந்தன. 1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சியின் தலைவராக விளங்கினார். ஒத்துழையாமை இயக்கம் தோன்றியபோது, வருவாய் மிக்க தம் தொழிலைத் துறந்து நாட்டுப்பணியில் ஈடுபட்டார், சிறையும் புகுந்தார்.

1925ஆம் ஆண்டில், திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வானம் பார்த்த மேட்டுநிலங்கள் நிறைந்த பகுதி அது. மழை பொய்த்தால் உழவர்க்கு வேலை இல்லை. வேலை இல்லையேல் உணவும் இல்லை. அம்மக்களுக்கு நூல் நூற்றலும் கதர் நெய்தலும் கைகொடுத்தன. பஞ்சு வழங்குதல், நூலைப் பெறுதல், கூலி கொடுத்தல், நெய்த துணியை விற்றல் என அங்கே பணிகள் பல. அவற்றுள் ஒன்று தவறினும் ஓர் ஏழையின் அடுப்பு எரியாது. சிறியன சிதறாமல் காத்தலே பெரியன முடிக்கும் வழி என்பதை அவ்வாசிரம வாழ்வு அவருக்குப் பயிற்றியது எனலாம்.

1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் தண்டிக் கடற்கரையை நோக்கி நடந்தார். தமிழகத்திலும் அத்தகைய பயணம் ஒன்றை நடத்தும் பொறுப்பு இராஜாஜியைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 51; மெலிந்த உடல். தொண்டர் படையொன்றைத் திரட்டி, நெடுவழி நடத்திச் சென்று, சட்டத்தை மீறிய பட்டறிவு அவருக்கு அதற்கு முன் இல்லை. ஆயினும் அவர் மலைத்தாரல்லர். செய்வதற்குரியவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

முதலில் முடிவிடத்தைத் தேர்ந்தார். தஞ்சை மாவட்டத்து வேதாரணியத்தில் உப்பளங்கள் இருந்தன. முன்னின்று உதவ வேதரத்தினம் பிள்ளை என்னும் தேசபக்தரும் இருந்தார். பின்னர்ப் புறப்படும் இடம் திருச்சிராப்பள்ளி என முடிவாயிற்று. வழியின் நீளம் ஏறத்தாழ 150 மைல். நாளொன்றுக்குப் பத்து மைல் அளவில் நடந்தால், இரண்டு வாரங்களில் கடலை அடையலாம். தங்கும் ஊர்கள் வகுக்கப்பட்டன. ஏறத்தாழ 100 தொண்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எண்ணிக்கையைப் பெருக்குவதினும் கட்டுப்பாட்டைக் காப்பதே இன்றியமையாதது என அவர் கருதினார். தொண்டர்கள் வழிநெடுக நடந்து பாடுவதற்கென நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பாட்டொன்று இயற்றி அளித்தார்.

ஏப்ரல் 13ஆம் நாள், திருச்சியில் டாக்டர் தி. சே. சௌ. இராஜன் இல்லத்திலிருந்து அணி புறப்பட்டது. 1919ஆம் ஆண்டில் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட துயர நாளும் அதுவே.

பயணத்தை முறியடிக்கத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன் ஒரு வழி கண்டார். தொண்டர்களைத் தொடாமல், அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருவோரைத் தண்டிப்பதாக அறிவித்தார். உண்ண உணவின்றி நூறு பேர் எத்தனை நாள் நடக்க இயலும்? பல நாள் ஆய்ந்து வகுத்த ஏற்பாடு ஓர் ஆணையால் சிதைந்துபோகும் நிலை தோன்றிற்று. ஆனால் இராஜாஜி வழியையும் மாற்றவில்லை, நாளையும் தள்ளவில்லை. குறித்த நாளில் குறித்த ஊரை அணி அடைந்துகொண்டே இருந்தது. அவ்வுறுதியைக் கண்ட மக்களும் அஞ்சவில்லை. வெளிப்படையாக உணவளிக்க இயலாதோர், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அவர்களை வெளிப்படையாகவே வரவேற்று விருந்தோம்பினார். அதற்காகச் சிறைத்தண்டனையும் ஏற்றார். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து ஏப்ரல் 28ஆம் நாள் அணி வேதாரணியத்தை அடைந்தது.

ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் இராஜாஜி உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். உடனே அவர் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். தலைவர் சென்ற பின்னும் போர் ஓயவில்லை. தொண்டர்கள் தொடர்ந்து உப்பெடுத்தனர். ஒருவரையே நம்பி நிற்காமல், அவர் இல்லாதபோதும் நடைபெறுவதன்றோ செவ்விய ஏற்பாடு!

பிற்காலத்தில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மதுவிலக்கைத் தம் சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தார். 1948 முதல் 1950 வரை விடுதலை பெற்ற இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவி வகித்தார். 1972ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! பள்ளி விழாவாயினும் ஊர்ப்பணியாயினும், முதன்முறையாக ஒன்றை ஏற்று நடத்தும்போது உள்ளம் தயங்குதல் இயல்பே. இடம், காலம், ஆள், உணவு என ஒவ்வொன்றையும் முன்னரே எண்ணித் துணிக. எதிர்பாராத தடை வரும்போது குறிக்கோளை நழுவவிடாது நிற்க. அவ்வாறு நிற்பவர்க்கு உதவும் கைகள், சாலையோர மரக்கிளைகளிலிருந்தும் நீளும்.