ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசார்யர்

திருவரங்கத்தில் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராய், ஐப்பசித் திருவோணத்தில் அவதரித்தவர் பிள்ளை லோகாசார்யர். சரணடைந்தாரைக் காப்பதாக எம்பெருமான் கீதையில் அளித்த வாக்கை எளியோரும் உணர, முமுக்ஷுப்படி முதலிய 18 ரகஸ்ய கிரந்தங்களை அருளிச்செய்தார்.

எழுதியதை வாழ்ந்து காட்டவேண்டிய வேளை 1323-ல் வந்தது. தில்லிப் படை அரங்கத்தை நெருங்கவே, மூலவர் சந்நிதியைக் கல்திரையால் மறைத்துவிட்டு, தள்ளாத முதுமையிலும் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருமேனி தளர்ந்தது. அரங்கம் திரும்பும் நாள் கண்ணுக்கெட்டாத அந்நிலையிலும், அடுத்த தலைமுறையையே அவர் திருவுள்ளம் நாடியது! மதுரையில் அரசுப் பணியிலிருந்த திருமலையாழ்வாரைச் சம்பிரதாயத்திற்கு மீட்குமாறு கூரகுலோத்தம தாசர் முதலிய சீடர்களை நியமித்து, அங்கேயே திருநாடு எய்தினார்.

அத்திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளை. மணவாள மாமுனிகளின் ஆசார்யர். நம்பெருமாளோ பல ஊர்கள் கடந்து, திருமலையிலும் தங்கி, கோபணாரியர் முயற்சியால் 1371-ல், 48 ஆண்டுகளுக்குப் பின், திருவரங்கம் மீண்டருளினார்.