சுரங்கத்தில் கற்ற மருத்துவர் ஜார்ஜியஸ் அகிரிகோலா

நாம் சோறு ஆக்கும் பானையும், மரம் சீவும் கத்தியும், கடையில் கொடுத்து வாங்கும் காசும் மண்ணுக்குள்ளிருந்து வந்த உலோகங்களால் ஆனவை. கையில் விளக்கும் சுத்தியலும் ஏந்தி இருட்குழிகளில் இறங்கிய எண்ணற்ற தொழிலாளர்களே அவற்றை வெளிக்கொணர்ந்து நமக்கு அளித்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. எனினும், அவர்கள் கைகளில் இருந்த அறிவை ஏட்டில் ஏற்றி உலகுக்கு வழங்கிய பேரறிஞர் ஒருவர் இருந்தார். கனிமவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜார்ஜியஸ் அகிரிகோலாவே அவர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த கிளாவ்காவ் என்னும் சிற்றூரில், 1494ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேயோர்க் பாவர். பாவர் என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு உழவர் என்பது பொருள். கற்றோர் தம் பெயரை இலத்தீன் மொழியில் மாற்றிக்கொள்வது அக்கால வழக்கம். அதன்படி அவரும் உழவர் என்றே பொருள்படும் அகிரிகோலா என்னும் இலத்தீன் பெயரை ஏற்றுக்கொண்டார்.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், முதலில் ஓர் ஆசிரியராகவே வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். சுவிக்காவ் நகரில் மாணவர்களுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தார். அவர்கள் எளிதில் கற்கும்பொருட்டு 1520ஆம் ஆண்டில் சிறிய இலக்கண நூல் ஒன்றையும் எழுதினார். பின்னர் மருத்துவம் பயில விரும்பி இத்தாலி நாட்டுக்குச் சென்றார். பண்டைக் கிரேக்க மருத்துவர் காலனின் நூல்கள் வெனிஸ் நகரில் அச்சேறிய பொழுது அப்பணியில் துணை நின்றார்.

1527ஆம் ஆண்டில் அவர் யோவாக்கிம்ஸ்தால் என்னும் ஊரின் மருத்துவராக அமர்ந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் யாக்கிமோவ் என்னும் பெயரோடு விளங்குகிறது. வெள்ளித் தாது கண்டெடுக்கப்பட்டதால் 1516ஆம் ஆண்டில் தோன்றிய புதிய ஊர் அது. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் மக்கள் அங்கு வந்து குவிந்தனர். அங்கு அடிக்கப்பெற்ற வெள்ளி நாணயம் ஊரின் பெயராலேயே தாலர் என வழங்கலாயிற்று. தாலர் என்பதே பின்னாளில் டாலர் எனத் திரிந்தது. பணத்தை வெள்ளி என்றே சொல்லிப் பழகிய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு இச்செய்தி இனிக்கும் அன்றோ!

பழைய நூல்கள் கூறும் கனிப்பொருள்களைக் கண்டறிந்து மருந்துக்குப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் அகிரிகோலாவுக்கு இருந்தது. ஆனால், சுரங்கங்களை நேரில் கண்ட பொழுது, ஏடுகளில் இல்லாத பேரறிவு ஒன்று அங்கே இருப்பதை உணர்ந்தார். எந்தப் பாறையில் தாது ஓடும், சுரங்கத்துள் ஊறும் நீரை எவ்வாறு இறைப்பது, எந்தத் தாதை எத்தகைய உலையில் உருக்குவது என்பனவற்றை எல்லாம் தொழிலாளர் அறிந்திருந்தனர். அவ்வறிவோ தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே வந்துகொண்டிருந்தது. கற்றோர் பலர் அதனை அழுக்குப் படிந்த கூலித் தொழில் என்று எண்ணி ஒதுக்கினர். இந்த இரு சாராருக்கும் இடையே ஒரு பாலமாக நின்றவர் அகிரிகோலா. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய நேரத்தைச் சுரங்கங்களிலும் உலைக்கூடங்களிலும் செலவிட்டார்.

இம்முயற்சியின் முதற்கனியாக, 1530ஆம் ஆண்டில் ‘பெர்மானுஸ்’ என்னும் உரையாடல் நூல் வெளிவந்தது. அதில் சுரங்கத் தொழில் வல்லுநர் ஒருவர், கற்றறிந்த மருத்துவர் இருவருக்குக் கனிகளைப் பற்றி விளக்குகிறார். தொழில் வல்லுநர் ஆசிரியர் இடத்திலும் மருத்துவர்கள் மாணவர் இடத்திலும் இருப்பதே அந்நூலின் தனிச்சிறப்பு எனலாம். புகழ்பெற்ற அறிஞர் எராஸ்மஸ் அதற்குப் பாராட்டுரை வழங்கினார்.

பின்னர் அவர் கெம்னிட்ஸ் நகரில் குடியேறி, அங்கும் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1546ஆம் ஆண்டில் அவருடைய நிலநூல் ஆராய்ச்சிகள் அச்சில் வந்தன. கனிகளை அவற்றின் நிறம், பளபளப்பு, கடினம், சுவை, மணம் முதலிய பண்புகளால் வகைப்படுத்தும் முறையை அவர் வகுத்துக் காட்டினார். நிலத்தடியில் ஓடும் நீர்மங்கள் பாறையின் பிளவுகளில் படிந்து தாதுக்கள் உண்டாகின்றன என்றும், ஆகவே பாறையைவிடத் தாது பிற்பட்டது என்றும் கூறினார். அக்காலத்திற்கு அது துணிவான கருத்தாகும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து அவர் எழுதிய பெருநூல் ‘டே ரே மெட்டாலிக்கா’ என்பதாம். பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட அந்நூலில் ஏறத்தாழ 290 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. குதிரைகள் செக்குச் சுற்றுவது போலச் சுற்றித் தாதை மேலே தூக்கும் பொறிகள், நீர் இறைக்கும் சக்கரங்கள், சுரங்கத்துள் காற்றைச் செலுத்தும் துருத்திகள் ஆகியவை அப்படங்களில் காணப்படுகின்றன. நம் தட்டார் பொன்னின் மாற்றறியப் பயன்படுத்தும் உரைகல்லைப் பற்றியும் அந்நூல் கூறுகிறது. ஈயமணலை ஓடும் நீரில் அரித்தெடுக்கும் முறைகளும் அதில் உண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கில் டூலாங் தட்டேந்தி ஈயமணல் அரித்த பெண்களைக் கண்டிருக்கும் நம் முதியோர்க்கு அப்பகுதி புதுமையாகத் தோன்றாது.

கவைக்குச்சியைக் கையில் பிடித்து நடந்தால் தாது இருக்கும் இடத்தில் அது தானே தாழும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். நல்ல சுரங்கத் தொழிலாளிக்கு அக்குச்சி வேண்டுவதில்லை, இயற்கை காட்டும் அடையாளங்களே போதும் என்பது அகிரிகோலாவின் முடிவு. காடுகள் வெட்டப்படுகின்றன, கழுநீரால் ஆறுகள் நஞ்சாகின்றன என்று சுரங்கத் தொழிலைப் பழித்தோரின் வாதங்களையும் அவர் மறைக்காமல் எழுதிய பின்னரே விடையளித்தார். அவர் விடை இன்று நமக்கு முழு நிறைவு தராவிடினும், எதிர்ப்பக்கத்துக் குரலுக்கும் இடமளித்த நேர்மை போற்றத்தக்கது.

மருத்துவராதலின், தொழிலாளரின் உடல்நலத்தையும் அவர் மறந்தாரில்லை. சுரங்கத் தூசு நுரையீரலை அரித்து உயிரைக் குடிப்பதை எடுத்துரைத்தார். கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களின் அருகே, கணவர்களை அடுத்தடுத்து இந்நோய்க்குப் பலி கொடுத்து, ஏழு முறை மணந்த பெண்கள் இருந்தமையைக் குறிப்பிட்டுள்ளார். முகத்தைத் துணியால் மூட வேண்டும், கைகால்களைத் தோலுறையால் காக்க வேண்டும், சுரங்கத்துள் நல்ல காற்றுப் புக வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்நாளைய தொழிலாளர் மூன்று முறைகளாகப் பிரிந்து, முறைக்கு ஏழு மணி நேரம் உழைத்தனர் என்னும் செய்தியும் அந்நூலாலேயே நமக்குத் தெரிய வருகிறது.

கெம்னிட்ஸ் நகரின் தலைவராகவும் அவர் பலமுறை பணியாற்றினார். 1552, 1553ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவிய பொழுது அவர் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து, அந்நோயைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். எனினும், 1555ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் அவர் மறைந்த பொழுது, சமய வேறுபாடு காரணமாக அந்நகரில் அவரை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. தாம் காத்த நகரிலே ஆறடி நிலம் பெறாத அவ்வுடல், தொலைவிலுள்ள சைட்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பெற்றது. அவருடைய பெருநூல் 1556ஆம் ஆண்டில், அவர் மறைந்து சில திங்கள்கள் கழித்தே, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளிவந்தது. அச்சான நூலைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

நகரம் இடம் மறுத்தாலும் உலகம் அவருக்கு இடமளித்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்நூல் சுரங்கத் துறைக்கு வழிகாட்டியாக விளங்கிற்று. தொழிலாளரின் சொற்களுக்கு ஈடான இலத்தீன் சொற்கள் இல்லாமையால், அகிரிகோலா பல சொற்களைத் தாமே ஆக்கியிருந்தார். அதனால் அதனை மொழிபெயர்ப்பது அரிய செயலாயிற்று. சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் துணைவியார் லூ ஹென்றி ஹூவரும் பல ஆண்டுகள் முயன்று 1912ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அந்த ஹூவரே 1929ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபரானார். 1898ஆம் ஆண்டில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்ததும் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்துத் தாதிலிருந்தே ஆகும்.

மாணவச் செல்வங்களே! தொழிலாளியின் கையிலுள்ள அறிவு, எழுதப்படாவிடின் அவரோடு மறைந்துவிடும். அகிரிகோலா அதனைக் கேட்டு எழுதினார். ஆதலின் அது வாழ்கிறது. உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் தோட்டத்தில் உழைத்தவர்களாயின், அவர்கள் ஏன் விடியுமுன் மரம் சீவச் சென்றனர், பட்டையை எவ்வளவு ஆழம் சீவினர், மழை நாளில் என்ன செய்தனர் என்று கேளுங்கள். கேட்டவற்றை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே! உங்கள் தொழிலறிவைச் சிறிதென எண்ணிப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடாதீர்கள். கேட்க ஒரு பிள்ளையும் சொல்ல ஒரு பெரியவரும் உள்ள வீட்டில் அறிவு அழியாது.